நனைந்தால் மறையும் வெள்ளை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை காரைக் கழுவித் துடைத்து மெழுகு பாலிஷ் போட்டேன். பெயின்ட் பூசிய பாகமெல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னியது. மறுநாள் காலை சந்தனமும் குங்குமமும் வைக்கப் போனபோதுதான் கவனித்தேன்: முன்பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் ஓரத்திலும், சக்கரத்தின் மேல் வளைந்து போகும் கறுப்புப் பட்டையிலும், பக்கக் கண்ணாடியின் அடியிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். முந்தின நாள் கை வழுக்கிப் பட்ட பாலிஷ் அங்கே காய்ந்து பிடித்திருந்தது. ஷாம்பூ கலந்த தண்ணீரை ஊற்றித் துணியால் தேய்த்தேன். திட்டுகள் இருந்த இடமே தெரியவில்லை. நிம்மதியாகப் பூஜையை முடித்தோம். வெயில் ஏறி பம்பர் காய்ந்ததும் ஒவ்வொரு திட்டும் அதே இடத்தில், அதே வடிவில் திரும்பி வந்திருந்தது.

காருக்கு மெழுகு போட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் இதைச் சந்தித்திருப்பார்கள். நனைந்தால் மறைகிறது, காய்ந்தால் வருகிறது. அந்தத் தடம் எதனால் ஆனது, எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி எடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தச் சின்ன நடத்தைக்குள்ளேயே இருக்கிறது.

மாக்கோலம் காயும்போது

மாக்கோலம் போடும் கையைக் கவனித்திருப்பீர்கள். பச்சரிசியை அரைத்துக் கரைத்து, துணித்துண்டை அதில் நனைத்து, விரல் வழியே ஒழுகவிட்டு இழை இழுப்பார்கள். அந்த நேரத்தில் கோடு மங்கலாகத்தான் தெரியும். ஈரம் உலர உலர வெள்ளை எழும்பி வரும். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசும்போதும் அப்படியே. பூசியவுடன் நெற்றியில் ஈரம்தான் தெரியும், காய்ந்த பின்தான் மூன்று பட்டைகளும் தெளியும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்த நினைவும் பலருக்கு இருக்கும். துடைத்தவுடன் பலகை கன்னங்கரேலென்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் சாக்பீஸ் வெள்ளை வரிவரியாகத் திரும்பிவிடும்.

இவை எதிலும் வெள்ளைச் சாயம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு கற்கண்டுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி உள்ளே புகுந்து வெளியே வரும். அதையே உரலில் இடித்தால் வெள்ளை மாவாகிவிடும். பொருள் மாறவில்லை, ஒளி போகும் வழிதான் மாறியது. காற்றிலிருந்து ஒரு திடப்பொருளுக்குள் ஒளி நுழையும் எல்லையில் அதில் ஒரு சிறு பங்கு திரும்பிவிடும். வெளியேறும் எல்லையிலும் அப்படித்தான். எவ்வளவு திரும்பும் என்பதை அந்த இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு முடிவு செய்கிறது. காற்றுக்கு அந்த எண் 1, தண்ணீருக்கு 1.33, மெழுகும் பிளாஸ்டிக்கும் மாவும் ஏறத்தாழ 1.5ஐ ஒட்டியவை. காற்றிலிருந்து 1.5 எண்ணுள்ள பொருளுக்குள் நேராக நுழையும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு திரும்பும். அதே பொருளைத் தண்ணீர் சூழ்ந்திருந்தால் திரும்புவது 0.4 பங்குகூட இல்லை. பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

நூற்றுக்கு 4 என்பது சிறிய அளவுதான். ஆனால் பொடியில் எல்லை ஒன்றோடு முடிவதில்லை. ஒரு துகள், அதையடுத்து காற்று, மறுபடி ஒரு துகள், மறுபடி காற்று என்று அடுக்கடுக்காகப் போகிறது. ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, திசை மாறி, கடைசியில் வந்த ஒளியில் பெரும்பகுதி எல்லாத் திசையிலும் சிதறி வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறமும் ஒன்றுபோலச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. கறுப்பு பிளாஸ்டிக்கைச் சென்றடைந்து உறிஞ்சப்பட வேண்டிய ஒளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

ஆக, பம்பரில் தெரிந்த வெள்ளையை உண்டாக்குவதில் துகளுக்கு உள்ள பங்கு அதன் இடுக்கிலுள்ள காற்றுக்கும் உண்டு. தண்ணீர் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை தடம் தெரியாது. தண்ணீர் ஆவியானதும் காற்று திரும்பும், வெள்ளையும் திரும்பும். நான் அன்று காலை தேய்த்தபோது துகள் ஒன்றும் நகரவில்லை, காற்றுதான் வெளியேறியிருந்தது.

டப்பாவுக்குள் இருப்பவை

கார் மெழுகுகளில் பேர்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கு வறண்ட நிலங்களில் வளரும் ஒரு பனைவகையிலிருந்து அது கிடைக்கிறது. நம் பனையைப் போலவே விசிறி விரித்த ஓலை அதற்கும் உண்டு. மழையில்லாத மாதங்களில் ஓலையின் ஈரம் வெளியே போய்விடாமல் காக்க மரம் தன் ஓலை மேல் மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டி வெயிலில் காயவைத்து அடித்தால் அந்த மெழுகு பொடியாக உதிரும். 1935இல் அமெரிக்காவின் ஜான்சன் மெழுகு நிறுவனத் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன் இந்தப் பனை வளரும் இடத்தைத் தேடி நீரிலும் இறங்கக்கூடிய சிறு விமானத்தில் பிரேசிலுக்கே பறந்து போனார். அந்த அளவுக்கு மதிப்பு. காரணம் அதன் கடினம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிவிடும். கார்னாபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் மேல் அது உருகி வழியாமல் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

இவ்வளவு கடினமான மெழுகைத் தனியாகப் பூச முடியாது. அதனால் பாரஃபின் போன்ற மென்மையான மெழுகுகளையும் ஆவியாகக்கூடிய கரைப்பான்களையும் சேர்த்துக் குழைவாக்குகிறார்கள். பாலிஷ் என்று விற்கப்படும் பலவற்றில் நுண்ணிய தேய்ப்புத் துகள்களும் இருக்கும்: வெள்ளைக் களிமண், அலுமினா, டயட்டம் என்ற ஒருசெல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண். பெயின்ட்டின் மேலுள்ள மெல்லிய கீறல்களைச் சமன்படுத்த இவை உதவுகின்றன. கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது மெழுகும் இந்தத் துகள்களும் சேர்ந்த வெண்படலம். பெயின்ட் வழவழப்பானது என்பதால் ஒரு மைக்ரோஃபைபர் துணி அந்தப் படலத்தை ஒரே இழுப்பில் வழித்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக்கில் அந்தத் துணிக்கு வேலை நடப்பதில்லை.

மேடும் பள்ளமும்

பழைய கார்களின் பம்பர் குரோமியம் பூசிய எஃகு. 1972இல் வந்த ரெனோ 5 போன்ற கார்கள் பிளாஸ்டிக் பம்பரோடு சந்தைக்கு வந்தன. அதன் பிறகு கார் உடலின் ஓரங்களில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. இன்று பெயின்ட் இல்லாமல் கறுப்பாக விடப்படும் பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் கலவை. ஜெர்மனியில் கார்ல் சீக்லர் 1953இல் கண்டுபிடித்த வினையூக்கி வகையைக் கொண்டு, மிலானில் ஜூலியோ நாட்டா 1954இல் சீரான அமைப்புள்ள பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார். 1963இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான, வளைந்தாலும் எளிதில் உடையாத பொருள் அது. அதோடு ரப்பர் போன்ற ஈபிடிஎம் என்ற பொருளைச் சேர்த்தால் அடி தாங்கும். டால்க் பொடி சேர்த்தால் விறைப்பு வரும். கார்பன் கரி சேர்த்தால் கறுப்பு வரும். அந்தக் கரியே புற ஊதாக் கதிரையும் உறிஞ்சி பிளாஸ்டிக்கைக் காக்கும்.

இந்தப் பாகங்களை விரலால் தடவினால் தோல் போலச் சொரசொரப்பாக இருக்கும். உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சிலேயே அமிலத்தாலோ லேசராலோ அந்த மேடுபள்ளங்களைப் பதித்துவிடுகிறார்கள். கீறல் விழுந்தால் பளிச்சென்று தெரியாமல் மறைக்கவும், கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பைக் குறைக்கவும் இந்த ஏற்பாடு. பிளாஸ்டிக்கில் ஓட்டைகள் இருக்கின்றன, மெழுகு அவற்றுக்குள் ஊறிவிட்டது என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் மெழுகு ஊறுவதில்லை, பள்ளங்களில் தங்குகிறது. துணி மேடுகளின் மேல் சறுக்கிக்கொண்டு போகும், பள்ளத்துக்குள் இறங்காது. அழுத்தித் தேய்த்தால் மேட்டிலிருக்கும் மெழுகையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். தேய்க்கத் தேய்க்கத் தடம் கூடுகிறதே என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீருக்கும் அங்கே வரவேற்பு இல்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் 30ஐ ஒட்டியது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது தண்ணீர் பரவாமல் சேம்பிலையில் விழுந்த துளி போல முத்து முத்தாகத் திரளும். சோப்பு சேர்ந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, அது பள்ளங்களுக்குள் பரவ வழி கிடைக்கும்.

ஒரே குடும்பம்

1830இல் பாரஃபினைப் பிரித்தெடுத்த கார்ல் ரைஷன்பாக், எதனோடும் எளிதில் வினைபுரியாத அதன் குணத்தைப் பார்த்து, 'குறைந்த உறவு' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் நம் பம்பரின் பாலிபுரொப்பிலீனுக்கு அது நெருங்கிய உறவு. பாரஃபினும் கார்பன், ஹைட்ரஜன் அணுக்களால் ஆன சங்கிலி. பாலிபுரொப்பிலீனும் அதே அணுக்களால் ஆன சங்கிலி. மெழுகில் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 20 முதல் 40 கார்பன்கள் இருக்கும். பிளாஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

கறையை எடுக்கப் போகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய உண்மை இது. ஒத்த தன்மையுள்ளதுதான் ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் பழைய விதி. மெழுகைக் கரைக்கும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்குக்கும் சொந்தம்தான். சங்கிலி நீளமாக, படிகமாக அடுக்கப்பட்டிருப்பதால் பாலிபுரொப்பிலீன் சாதாரண வெப்பத்தில் கரைந்துவிடாது. அதனுள் கலந்திருக்கும் ஈபிடிஎம் ரப்பரோ பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பும். கதவோரத்திலும் கண்ணாடியோரத்திலும் இருக்கும் ரப்பர் பீடிங்கும் பெரும்பாலும் அதே ஈபிடிஎம்தான். பெட்ரோல் நனைத்த துணி கறையை எடுத்துவிடும். பக்கத்திலிருக்கும் ரப்பரையும் கெடுக்கும். தீப்பற்றும் ஆபத்து வேறு. பெயின்ட் கடைத் தின்னர் இன்னும் மோசம். அதன் ஒரு துளி பெயின்ட் மேல் தெறித்தால் அந்த இடம் மங்கிப்போகும்.

படிப்படியாக

மெதுவான வழியில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டுமே வலுவான வழிக்குப் போவதே நல்லது.

முதலில் மண்ணும் தூசியும் போக நன்றாகக் கழுவுங்கள். மணல் துகள் ஒன்று துணியில் ஒட்டினாலும் அதுவே உப்புத்தாளாகிவிடும்.

அடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் கலந்து, பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். துணியால் எட்ட முடியாத பள்ளத்துக்குள் பிரஷ்ஷின் இழை நுனி இறங்கும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை மெழுகைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். பல மூலக்கூறுகள் சேர்ந்து மெழுகுத் துணுக்கைச் சூழ்ந்து அதைத் தண்ணீரில் மிதக்கவைக்கும். நுரை வெளுத்து வரும்போதே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அப்படியே காயவிட்டால் கரைந்து வந்த துகள் பக்கத்துப் பள்ளத்தில் மறுபடி படியும்.

சிறு சிறு புள்ளிகளுக்கு எழுதுபொருள் கடையின் வெள்ளை அழிப்பான் போதும். காய்ந்த பரப்பின் மேல் மெதுவாகத் தேய்த்தால் அழிப்பானின் பரப்பு துணுக்குகளாக உதிரும். அந்தத் துணுக்குகள் பென்சில் கரியைச் சுருட்டிக்கொள்வது போலவே மெழுகுத் துகளையும் சுருட்டிக்கொண்டு வெளியே வரும்.

இதற்கும் அசையாத மெழுகுக்குச் சூடு வேண்டும். குறுகிய இடுக்கிலிருந்து மெழுகை வெளியேற்றச் சூட்டைப் பயன்படுத்துவதில் நம் ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சுடுகிறார்கள். மெழுகு முழுவதும் உருகி வெளியே ஓடிய பிறகு, விரல் நகமும் நகை வேலைப்பாடும் வரை அப்படியே பதிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சுரண்டி எடுக்க முடியாத நுண்ணிய வளைவுகளிலிருந்து மெழுகு தானே வழிந்து வருகிறது. காரில் மண் அச்சைச் சுடும் அளவுக்குச் சூடு தேவையில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் மெழுகு இளகும். உடனே பழைய பருத்தித் துணியை அழுத்தினால் இளகிய மெழுகை அது உறிஞ்சிக்கொள்ளும். டீட்டெயிலிங் கடைகளில் நீராவியால் இதையே செய்கிறார்கள். பாலிபுரொப்பிலீன் உருகுவது 160 டிகிரிக்கு மேல்தான் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகி வளையத் தொடங்கும். எனவே பல நூறு டிகிரி சூடு தரும், பெயின்ட் உரிக்கும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

கடைசியாகத்தான் கரைப்பான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் மெழுகைக் கரைப்பதில் அவ்வளவு வல்லதில்லை. ஆனால் மெழுகோடு கலந்திருக்கும் எண்ணெய்ப் பசையை இளக்கும்; பிளாஸ்டிக்கை வருத்தாது. அதுவும் போதாத இடத்தில், பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் சிறிதளவு தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பின், கறை மேல் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். காற்றோட்டமான இடம் வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது, ரப்பர் பீடிங்கின் மேல் படக் கூடாது.

எந்த நிலையிலும் செய்யக்கூடாத ஒன்று உண்டு. கம்பிச் சுருளும், உப்புத்தாளும், மெலமைன் நுரைப்பஞ்சும் மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். மெழுகு போய்விடும்; அந்த இடம் மட்டும் பளபளவென்று வேறாகத் தெரியும். அச்சில் பதிந்து வந்த சொரசொரப்பை வீட்டில் யாராலும் திரும்ப உண்டாக்க முடியாது. மெழுகுக் கறை எடுக்கக்கூடிய கறை. தேய்ந்த பரப்பு நிரந்தரம்.

மறைப்பதும் எடுப்பதும்

அமெரிக்காவில் இந்தக் கறைக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவும் வீட்டு வைத்தியம் பிரபலம். நம்மூரில் பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோர் உண்டு. இரண்டும் பலிப்பது போலத் தெரிவதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய் மெழுகைக் கொஞ்சம் இளக்கும். அரைத்த கடலையின் துகள் மெல்லத் தேய்க்கும். மறுபாதி ஒளியின் வேலை. தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45; மெழுகின் எண்ணும் கிட்டத்தட்ட அதுவே. துகள்களின் இடுக்கில் எண்ணெய் புகுந்து காற்றை வெளியேற்றினால் ஒளி திரும்ப எல்லையே இல்லாமல் போய்விடுகிறது, வெள்ளை மறைகிறது. தண்ணீரைப் போல எண்ணெய் ஆவியாகாததால் நாள்கணக்கில் மறைந்தே இருக்கிறது. அதற்குள் சாலைப் புழுதி எண்ணெயில் படிந்து பழுப்பாகிவிடும். பின்னொரு நாள் வாட்டர் சர்வீஸில் எண்ணெய் கழுவப்பட்டதும் அடியில் காத்திருந்த மெழுகு மறுபடி தலைகாட்டும்.

மறைப்பது தவறென்று சொல்லவில்லை. நல்ல தரமான பிளாஸ்டிக் பூச்சுகள் செய்வதும் பாதி அதுதான். ஆனால் எடுத்த பிறகு பூச வேண்டும். எடுத்தாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உறுதியான சோதனை ஒன்றுதான்: எண்ணெய் எதுவும் தொடாமல் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, வெயிலில் பாருங்கள்.

காய்ந்த பின்னும் வெளிறித் தெரியும் எல்லாமே மெழுகு என்று முடிவு செய்துவிடக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் பட்டால் பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்புச் சங்கிலிகள் அறுந்து, நுண்ணிய வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பிலும் காற்று புகுந்து ஒளியைச் சிதறடிப்பதால் அதுவும் நனைந்தால் கறுக்கும், காய்ந்தால் வெளுக்கும். வேறுபாடு, அது இருக்கும் இடத்தில் தெரியும். மெழுகுத் தடம் பெயின்ட்டை ஒட்டிய ஓரத்தில், கை இழுத்த வாக்கில் திட்டுத் திட்டாக இருக்கும். வெயிலில் வெளிறியது மேல்நோக்கிய பரப்பெங்கும் ஒரே சீராகச் சாம்பல் பூத்திருக்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது. அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, பரப்பே மாறிவிட்டது.

அன்று பூஜை முடிந்த மாலையில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். பம்பர் ஓரம் அதிலேயே போய்விட்டது. சக்கரத்தின் மேலிருந்த பட்டைக்குச் சூடு காட்ட வேண்டியிருந்தது. பக்கக் கண்ணாடியின் அடியில் இருந்த கடைசிப் புள்ளிகளை என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்த அழிப்பான் எடுத்தது. ஈரமாக இருக்கும்போது எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. அதை நம்பாமல் மறுநாள் மதியம் வரை காத்திருந்து பார்த்தேன். காய்ந்த பம்பர் கறுப்பாகவே இருந்தது. பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு மட்டும் ஒரு மூலையில் வெளுத்துக் காய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு மெழுகு டப்பாவைத் திறக்கும் முன் கறுப்பு ஓரமெங்கும் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒட்டினேன். அதற்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.